சத்தம் ஆகாதவர்

சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அதன் பாட்டரியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு மின்விசிறியை நிறுத்துகிறார். பேச வந்தவர் வளையல் போட்டிருந்தால் கெஞ்சிக் கழற்றி வாங்கி, பக்கத்து அறையில் வைக்கிறார். தன் செருப்பின் மேலேயே சந்தேகம் வந்தால் அதுவும் வாசலுக்குப் போய்விடும்.

அருகிவரும் மொழிகளின் கதைகளையும் பாட்டுகளையும் பதிந்து வைக்கும் நிலையத்தில் அவர் ஒலிப்பதிவாளர். அலுவலகத்தில் வைத்த பெயர் ‘உஷ்’. “உஷ் வர்றாரு, தும்மல் வந்தா முழுங்கிடுங்க” என்பார்கள். “எங்க வீட்டுல தட்டுல கரண்டி பட்டாலே பஞ்சாயத்துதான்” என்பார் மனைவி. அவரோ, “பின்னால என்னைக்கோ ஒருத்தன் இதைக் கேப்பான். அவனுக்கு நம்ம இருமல் எதுக்குங்க?” என்பார்.

அன்று வந்தவர் சலவைக்கடை நடத்தும் ஓர் அம்மா. மறுவாரம் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பின் குரல் இருக்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அந்த அம்மாவின் மொழியைப் பேச மிச்சமிருந்தது அவரும் அவர் அக்காவும்தான். அக்கா போன வருடம் போய்விட்டார். துணைக்கு வந்திருந்த மகளுக்கு அந்த மொழி வராது.

அந்த அம்மா கதையில் இரண்டு வாக்கியம் சொன்னார், நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றார். பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து உஷ் கையை ஆட்டினார்: மேலே சொல்லுங்கள்.

“வரலை தம்பி. செவுத்துக்கிட்ட சொல்ற மாதிரி இருக்கு. அக்கா ‘ம்’ கொட்டிக்கிட்டே இருப்பா. அது இருந்தாத்தான் கதை நகரும்.”

“நான் கொட்டறேம்மா,” என்றாள் மகள்.

“நீயா? போனைப் பாத்துக்கிட்டே இத்தனை வருஷமா எனக்குக் கொட்டுறியே, அந்த ‘ம்’மா? வேணாம்டி.”

உஷ்ஷின் பதிவுகளில் அடுத்தவர் மூச்சுகூட விழுந்ததில்லை. “மனசுக்குள்ள அக்காவை நெனச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்கம்மா,” என்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா முயன்றார். இம்முறை முதல் வாக்கியத்திலேயே குரல் கம்மியது. தொண்டையைத் தடவிக்கொண்டார்.

உஷ் கதவைத் திறந்து உள்ளே வந்து, எதிரில் உட்கார்ந்தார்.

“ம்,” என்றார்.

கதை நகர்ந்தது. ஒரு சொல்லும் உஷ்ஷுக்குப் புரியவில்லை. மூச்சு வாங்கும் இடம் பார்த்துக் கொட்டினார். ஓரிடத்தில் தவறவிட்டார், அந்த அம்மா அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு, ‘ம்’ வரும்வரை காத்திருந்தார். இன்னோரிடத்தில் உஷ் முந்திக்கொண்டார். “அவசரப்படாதே தம்பி, அவன் இன்னும் ஆத்தையே தாண்டலை.” அந்த அம்மா சிரித்தபோது இவரும் சிரித்தார். அவர் குரல் தாழ்ந்தபோது இவருடைய ‘ம்’மும் தாழ்ந்தது.

“அவ்வளவுதான்,” என்று அந்த அம்மா தண்ணீர் குடித்தார். கதவைப் பார்த்தார். “இன்னொண்ணு இருக்கு. கொஞ்சம் பெருசு. உனக்கு நேரமாயிடுச்சோ?”

உஷ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது தரையில் கிறீச்சென்று தேய்ந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.