பேனா முட்டிய ஓரம்

வரைபடத் தாளின் மேலோரத்தில் பேனா போய் டக்கென்று முட்டி நின்ற ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அமிலத்தில் வேகவைத்த ரத்தத்தில் மின்சாரம் செலுத்தினால், அதிலுள்ள ஈயம் ஒரு பாதரசத் துளியில் போய்ச் சேரும். அதை மறுபடி வெளியேற்றும்போது கருவியின் பேனா தாளில் ஒரு முகடு வரையும். முகடு எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஈயம். அன்று ஓடியது மாமாவின் ரத்தம். மாமா என்றால் அக்காவின் கணவர். அதே ஊரில், நீலசந்திராவில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. வயிற்றுவலி என்று மாதக்கணக்கில் சோடா குடித்துக்கொண்டிருந்தவரை நான்தான் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அளவு மிக அதிகமாக வந்தால் முதலில் சந்தேகப்படுவது பாத்திரத்தைத்தான். காற்றிலுள்ள தூசியிலும் ஈயம் உண்டு, அதுவே கணக்கைக் கெடுத்துவிடும். ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த எங்கள் மேடம் தாளைப் பார்த்ததும், "கண்டாமினேஷன்பா. மனுஷனுக்கு இவ்ளோ இருக்காது. எல்லாத்தையும் ஆசிட்ல ஊறப் போடு" என்றார். ஊறப் போட்டோம். புதிதாக ரத்தம் எடுத்தோம். பேனா மறுபடி முட்டியது. மேடம் ஊசியை மாற்றினார், அமிலத்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். எங்கள் முடிவு வந்தால்தான் டாக்டர் மருந்தைத் தொடங்குவார். அதுவரை மாமா அதே பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா ஒருநாள் வெடித்தாள்: "எத்தினி வாட்டிடா கழுவுவீங்க? அவரால சோறு பெசைய முடியலடா!"

ரத்தமில்லாமல் வெறும் அமிலத்தை ஓட்டிப் பார்த்தோம். கோடு தட்டையாக வந்தது. அப்படியானால் தோலில்தான் தூசி என்றார் மேடம். மாமாவை உட்காரவைத்து, அவர் கையைத் தன் கையில் வாங்கி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி விரல் விரலாகக் கழுவினார். "வேணாம் மேடம், நானே கழுவிக்கிறேன்" என்று மாமா கூச்சத்தில் நெளிந்தார். துடைத்துவிட்டு, "கையை நீட்டுங்க" என்றார் மேடம். முழங்கை நீண்டது. மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கிக்கொண்டிருந்தது. மாமா பல்லைக் கடித்துத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. ஈயம் நரம்பைக் கெடுத்தால் மணிக்கட்டு இப்படித்தான் விழும். மேடம் ஊசியைக் கீழே வைத்தார். "பாத்திரம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மாமா மருத்துவமனையில் அதிக நாள் இருக்கவில்லை. வலிப்பு வந்து இறந்துபோனார். மேடத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் பெற்ற பிள்ளைக்குக் கழுவுவதுபோல் அவர் அந்தக் கையைக் கழுவியது நினைவுக்கு வந்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

இப்போது எங்களிடம் கணினி இருக்கிறது. எவ்வளவு பெரிய முகடானாலும் திரைக்குள் அடங்கும்படி அதுவே சுருக்கிக் காட்டிவிடுகிறது. எதுவும் எங்கும் முட்டுவதில்லை. திரையின் ஓரத்திலுள்ள எண் மிகப் பெரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்தவர்கள் பாத்திரம் கழுவ எழுகிறார்கள். "கழுவலாம், உக்காருப்பா" என்கிறேன். "மொதல்ல அந்த ஆளக் கூப்ட்டு, கைய நீட்டச் சொல்லு."