டீச்சரின் இடது கன்னம்

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் அவள் ஆசிரியை. அவள் உதட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பேச்சைப் பிடிப்பார்கள்.

ஐம்பதைத் தாண்டியதும் தொங்கும் கன்னம் அவள் கண்ணை உறுத்தியது. நீண்ட விடுமுறையில், முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். கணவருக்கு இஷ்டமில்லை, தடுக்கவுமில்லை. கட்டைப் பிரித்தபோது இடது கன்னம் வழுவழுவென்று இருந்தது, ஆனால் அசையவில்லை. தண்ணீர் குடித்தால் கடைவாயில் வழிந்தது. நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். எத்தனை மாதம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

கேட்டவர்களிடமெல்லாம் பல் பிடுங்கியதாகச் சொல்லிச் சமாளித்தாள். கூடப் பிறந்த அக்காவிடமும் அதே கதைதான்.

பள்ளி திறந்த அன்றே வகுப்பு குழம்பியது. உதடு சேராமல் ‘ப’வும் ‘ம’வும் எப்படி வரும்? அவள் ‘மரம்’ என்றாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓயாமல் கைச்சாடை பேசுவதால் வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி எழுந்து வந்து, டீச்சரின் இடது உதட்டோரத்தை விரலால் தூக்கிப் பிடித்தாள்.

“டீச்சர், வாய் ஏன் தூங்குது?” என்று மறுகையால் சாடை காட்டினாள்.

டீச்சருக்குப் பொய் வரவில்லை. உதட்டை நம்பாமல் பலகையில் எழுதினாள்: ‘அழகாக இருக்க ஆசைப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்படி ஆகிவிட்டது.’ சிறுமி படித்தாள், தலையாட்டினாள், போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ‘ப’ பழகும்போது உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிப்பார்கள். சரியாகச் சொன்னால் அது துள்ளும். மருத்துவமனையில் கற்றுக்கொடுத்த பயிற்சிகளோடு அவளும் அவர்கள் வரிசையில் நின்று, வகுப்புக் கண்ணாடியைப் பார்த்து முயன்றாள். மாதக்கணக்கில் காற்று பக்கவாட்டில் ஓடிப்போனது. ஒரு காலை காகிதம் லேசாக ஆடியது. மின்விசிறி என்று நினைத்தாள். வாயாடி அதை அணைத்துவிட்டு வந்து, மறுபடியும் சொல்லச் சொன்னாள். ஆடியது.

ஆண்டு முடிவதற்குள் பேச்சு தெளிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் இன்னும் ஒரு பக்கம்தான். ஒருநாள் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“எங்கிட்ட ஏன்டி மறைச்ச?” என்றாள் அக்கா.

“வெக்கமா இருந்துச்சுக்கா.”

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “வலிக்குதா?” என்று கேட்டாள்.