நெய்வேலி–அகத்தி: 807 கிலோமீட்டர், ஒரு பலாப்பழம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், என் தப்பையும் சேர்த்து. நெய்வேலியிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

அக்கா அங்கே கான்ட்ராக்ட் நர்ஸ். ஒரு வருடமாக ஊருக்கு வர முடியவில்லை. போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "பண்ருட்டிப் பலாப்பழம், முழுசா!" மே விடுமுறையில் அப்பாவும் நானும் கிளம்பினோம்.

எங்கள் ஊரிலும் ஓடுதளம் உண்டு, அகத்தியிலும் உண்டு. இடையே 807 கிலோமீட்டர், ஒரு மணி 31 நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டியது. "என் ஷிஃப்டுல கால்வாசி கூட இல்லியே!" என்றார் அப்பா. அப்படி ஒரு விமானமே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். கொச்சியிலிருந்துதான் விமானம்; அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஆலுவாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அந்த எண் என் தலையில் ஒட்டிக்கொண்டது.

காலை எட்டு மணி, பண்ருட்டி. நைட் ஷிஃப்ட் முடித்த களைப்பில் அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். பழக்காரர் ஒரு பழத்தைத் தட்டிக்கொண்டே, "எப்ப அறுப்பீங்க பாப்பா?" என்றார். அதைக் கேட்காமல் அவர் பழம் தருவதில்லை.

"அகத்திக்குப் போறோங்க. ஒன்றரை மணி நேரந்தான்."

"கீரைன்னு நெனச்சிகினு இருந்தேன், அது ஊரா! அப்ப இத எடுத்துக்க. இன்னிக்கே அறுத்துடணும்."

பதினொரு கிலோ, 280 ரூபாய்.

மதியம் 1.10க்கு வீட்டைப் பூட்டினோம். விருத்தாசலத்துக்குப் பஸ், திருச்சிக்கு ரயில், அங்கே இரவு எட்டு மணிக்கு அடுத்த ரயில். பெட்டி முழுக்க வாசனை.

"யாருங்க தனியா சாப்புடுறது?" என்றார் மேல் பெர்த்காரர்.

"யாருமே சாப்புடலீங்க, அதான் கஷ்டம்" என்றார் அப்பா. அப்போதுதான் பழக்காரரிடம் சொன்னதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். "நீ சொன்னது வானத்துக் கணக்கு. பழம் தரையில வருதேம்மா!" என்றார்.

காலை ஆறு மணிக்கு ஆலுவா. பழத்தை அழுத்தினால் விரல் உள்ளே போனது. விமான நிலையத்துக்கு ஏறிய ஆட்டோவின் டிரைவர் முகர்ந்து பார்த்தார். "சக்கயா?" என்றார்; பலாவுக்கு அங்கே அதுதான் பெயர். "முழுசா பிளேன்ல ஏத்தில்லா." ஒரு டீக்கடையில் நிறுத்தி, கத்தியும் தேங்காய் எண்ணெயும் வாங்கித் தந்தார். பாதி குழைந்திருந்தது. அதை வெல்லம் போட்டு 'வரட்டி' என்ற இனிப்பாகக் கிளறி வைப்பதாகச் சொல்லி அவரே எடுத்துக்கொண்டார். அக்காவுக்கென்று கொண்டுவந்த முறுக்கு டப்பாக்களைக் காலிசெய்து நல்ல சுளைகளை அடுக்கினேன். அறுபத்திரண்டு!

10.20க்குச் சின்ன விமானம் கிளம்பியது. 11.40க்குக் கீழே பச்சைக் கடல், நடுவே ஒரு கோடு போல ஓடுதளம். கடலில்தான் இறங்குகிறோம் என்று கத்திவிட்டேன்! வீட்டுக் கதவிலிருந்து மொத்தம் 22 மணி 30 நிமிடம்.

"முழுசா கேட்டேனே" என்றாள் அக்கா, டப்பாவைத் திறந்து.

"அறுபத்திரண்டு சுளையும் முழுசுதான்."

நின்றபடியே நான்கு சாப்பிட்டாள். அதுவரை எங்களை எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: தீவுக்குள் நுழைய அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். மழைக்கு முன் போங்கள். பழக்காரர் கேட்டால், "நாளைக்குச் சாயங்காலம்" என்று சொல்லுங்கள்.

"எழுதுனது போதும்டி, காலையில எனக்கு டூட்டி." அக்கா விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டிலும் டப்பா எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.