துபாய் பன்னிரண்டரையும் நம்ம ஊர் பன்னிரண்டரையும்

என் பேத்தி இன்று காலை சென்னையிலிருந்து துபாய்க்கு விமானம் ஏறினாள். நர்ஸ் வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் அவளுடையதுதான்.

டிக்கெட்டில் புறப்படுவது ஒன்பதே முக்கால், சேர்வது பன்னிரண்டரை என்று இருந்தது.

பயணம் போனவர்கள் போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொடமாட்டோம். கூட்டினால் போனவர்களுக்கு ஆகாது. அதனால் பன்னிரண்டரை ஆகும்வரை காத்திருந்து, வாசல்வரை கூட்டினேன்.

மருமகள் ஓடிவந்தாள்.

“இன்னா அத்த, அதுக்குள்ள கூட்டிட்டீங்க? பொண்ணு இன்னும் வானத்துலதான் கீது!”

“டிக்கெட்ல பன்னெண்டரைன்னு போட்டுக்கீதே!”

“அது துபாய் டைம். நமக்கு ரெண்டு மணி. மூவாயிரம் கிலோமீட்டர் கிட்ட போவணும், அது இன்னா மதுராந்தகமா? நாலே கால் மணி நேரம் ஆவும்.”

கூட்டிய குப்பையை வெளியே கொட்டாமல் முறத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டேகாலுக்குப் பேத்தி போன் செய்தாள்.

“ஆயா, நல்லபடியா வந்துட்டேன். இங்க பன்னெண்டே முக்கால்தான் ஆவுது.”

உயிர் வந்தது. குழப்பம் மட்டும் போகவில்லை. நான் கூட்டியது பன்னிரண்டரைக்கு. அவள் இறங்கியதும் பன்னிரண்டரைக்கு. அப்படியானால் நான் செய்தது தப்பா, இல்லையா?

நான் அஞ்சாவதுதான். மேலே படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.