அரைச் சுரம் கீழே

உங்கள் அம்மா சபைக்கு முன்னால் தனியாகப் பாடியது ஒரே ஒரு தடவைதான். அது தொண்ணூறுகளில், மூத்தவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருடம்.

அப்போது எனக்குத் தச்சநல்லூரில் லேத் பட்டறை வேலை. சாயங்காலம் கை எண்ணெயைக் கழுவிவிட்டு, அம்மாவைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைத் தேவாலயத்துக்குப் பாட்டுப் பழகப் போவேன். நான் ஆண்களில் கீழ்க்குரல், அவள் பெண்களில் மேல்குரல். எங்களில் பாதிப் பேருக்குக் கோடு போட்ட இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவோம். தனிப்பாட்டு எப்போதும் கோடு வாசிக்கத் தெரிந்த காலேஜ் டீச்சர்மாருக்கே போகும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் முறையாக அம்மாவுக்கு ஒன்று கிடைத்தது. ஆழ்வார்குறிச்சியில் வாத்தியாராக இருந்த அவள் அண்ணன், குடும்பத்தோடு பஸ் ஏறி வருவதாக எழுதியிருந்தார்.

பாட்டு ஐரோப்பாவில் முந்நூறு வருடத்துக்கு முந்தியது. அதை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கிற குழு ஒன்று பெங்களூரில் இருந்து வந்தது. யாருக்கும் இசை பிழைப்பு இல்லை, ஆசைக்கு வாசிக்கிறவர்கள். மரக்குழல் வாசித்தவர் பல் டாக்டர். வயலின்களில் கம்பிக்குப் பதில் ஆட்டுக்குடல் நரம்பு. மார்கழி ஈரத்தில் அது தளர்ந்துகொண்டே இருக்க, பாட்டுக்குப் பாட்டு முறுக்கினார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த வாத்தியங்களின் சுருதி எங்கள் கோயில் ஆர்கனைவிட அரைச் சுரம் கீழே. பழைய காலத்தில் அப்படித்தானாம். மரத்தில் துளை போட்ட குழலை இனிமேல் ஏற்றவும் முடியாது. எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான் என்பதால் நாங்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டோம். அம்மா மாட்டிக்கொண்டாள். அவள் பாட்டில் முதல் நாலு வரிக்கு வாத்தியமே கிடையாது, குரல் மட்டும். பிறகுதான் எல்லாரும் வந்து சேர வேண்டும். குழலில் சுருதி கேட்டுத்தான் தொடங்குவாள். ஆனால் ஞாயிறு பள்ளிக் காலத்தில் இருந்து அந்த ஆர்கனோடு பாடி வளர்ந்த காது. வரிக்கு வரி பையப் பைய ஏறி, ஆர்கன் சுருதிக்கே போய்விடுவாள். வாத்தியங்கள் நுழையும்போது பல் கூசும்.

முந்தின நாள் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அதுவே நடந்தது. பேங்கில் வேலை பார்த்த எங்கள் கொயர் மாஸ்டர் சத்தம் போடத் தெரியாத மனுஷர். என்னைத் தூணோரம் கூப்பிட்டார்.

“கோவிச்சுக்கிடாதேயும், வே. நாளைக்குக் காலையிலயும் இப்படித்தான்னா அந்த நாலு வரியக் குழல்ல வாசிச்சிருவோம்.”

“அவ அண்ணன் குடும்பமே வருது, சார்.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். அவங்க முன்னால தப்பாப் போனா அந்தப் பிள்ளை தாங்குமா?”

மறுநாள் காலை ஒத்திகையில் அம்மா சரியாகப் பாடிவிட்டாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது. வெளியே வந்ததும் அவள் என்னிடம், ஆர்கன் மூடிக் கிடந்ததால்தான் சரியாக வந்தது, அது காதில் விழுந்தால் திரும்பவும் ஏறிவிடும் என்றாள். சாயங்கால ஆராதனையிலோ அவள் பாட்டுக்கு முந்தி, வேத வாசிப்பு முடிந்ததும், சபை முழுவதும் எழுந்து ஆர்கனோடு ஒரு கீர்த்தனை பாடுவதாக இருந்தது.

கொயர் மாஸ்டர் போய்ப் போதகரிடம் கேட்டார். கீர்த்தனையைத் தள்ளி வைக்க முடியாது, ஆர்கன் இல்லாமல் பாடினால் சனம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் என்று போதகர் சொல்லிவிட்டார். “இது கச்சேரி இல்ல, ஆராதனை” என்றாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. பேசாமல் குழலுக்கே விட்டுவிடலாமே என்றேன்.

“பாட வேண்டாம்னு அவங்க சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க” என்றாள்.

சாயங்காலம் மழை. ஆனாலும் கோயில் நிறைந்திருந்தது. அவள் அண்ணன் குடும்பம் முன்வரிசையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வேத வாசிப்பு முடிந்தது. போதகர் கீர்த்தனையை அறிவிக்க, சனம் எழுந்தது, ஆர்கன் முழங்கியது. நான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன். அம்மா நின்ற இடம் காலி.

பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. வெறும் வயிற்றோடு எங்கேயாவது மயங்கி விழுந்தாளோ, பயந்து வீட்டுக்கே போய்விட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. நான் நின்றதோ வரிசை நடுவில், நகர வழியில்லை. கொயர் மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். தெரியாது என்று நான் தலையை அசைத்தேன். அவர் குழல்காரரைத் தேடித் திரும்பினார். அந்த நாற்காலியும் காலி. கீர்த்தனை இன்னும் ரெண்டு சரணம் நீளாதா என்று இருந்தது.

கடைசிச் சரணத்தில் அம்மா உள்ளே வந்தாள். தலை நனைந்திருந்தது. பின்னாலேயே பல் டாக்டர், குழலைச் சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு. ஓரத்தில் நின்ற மாதர் சங்கத்துத் தலைவியம்மா அவள் கையைப் பிடித்தார்.

“எங்கனட்டி போன?”

அம்மா பதில் சொல்லவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே முன்னால் வந்து நின்றாள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சிந்தாமல் நடக்கிறவள் மாதிரி உதடு இறுகியிருந்தது. ஆர்கன் நின்று சனம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கேட்டது: மூடிய வாய்க்குள் மெல்லிசாக ஒரு சுருதி ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள், அதுவே முதல் வார்த்தை ஆனது.

முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில்தான் வழக்கமாக ஏறத் தொடங்குவாள். ஏறியதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலாவது வரி முடிகிற இடத்தில் வயலின்காரர்கள் வில்லைத் தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. பல் கூசவில்லை.

கோயிலின் பின்பக்கம், ஆர்கன் சத்தம் எட்டாத தண்ணீர் மோட்டார் அறைக்குள் டாக்டரை அவளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் அந்த ஒரே சுரத்தை ஊத ஊத, இவள் கூடவே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். திரும்பி வரும்போது காது முழுக்க ஆர்கன். தொண்டையில் மட்டும் அந்தச் சுரம்.

தலைவியம்மாவுக்குக் கோபம் தீர வெகுநாள் ஆயிற்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கையை உதறிவிட்டுப் போனாள் என்று சபை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ ஒரு வார்த்தை விவரம் சொன்னால் என்ன என்று நான்தான் அம்மாவைக் கேட்டுப் பார்த்தேன்.

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சுருதி போயிருக்கும்லா. அதுக்குப் பெறகு சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன” என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.