தேவகுமார் திருப்பிச் சொன்னார்

போன செவ்வாய்க்கிழமை காலை. பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வரும் வழியில் போன் அடித்தது. என் சிநேகிதி சுபாஷினியின் கணவர் தேவகுமார்.

“அக்கா, சுபா உங்கட வீட்டை வந்தவவோ?”

“இல்லையே தம்பி. ஏன்?”

“வீட்டில காணேல்லை. உடுப்பு பேக்கையும் காணேல்லை.”

“உம்மிட்ட ஒண்டும் சொல்லேல்லையோ?”

கொஞ்சம் யோசித்தார். “சொன்னவ... குச்சவெளிக்கு அம்மாட்டைப் போறன் எண்டு. நானும் திருப்பிச் சொன்னனான்.”

திருப்பிச் சொன்னாராம். இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

தேவகுமார் மீன்பிடிப் படகுகளின் என்ஜின் திருத்துபவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய பட்டறை இருக்கிறது. ஆனாலும் வீட்டு முன்னறை நிறைய எப்போதோ செத்துப்போன என்ஜின்கள். சுபாவின் அம்மா கண் ஒப்பரேஷன் முடிந்து குச்சவெளியில் தனியாக இருக்கிறார். அந்த அறையை ஒதுக்கித் தாருங்கள், அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று சுபா கேட்டாள்.

“பாப்பம்” என்றார் இவர். ‘பாப்பம்’ என்பது நம் ஆண்கள் ‘மாட்டேன்’ என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம். நான் சமைக்கும் குசினியில் பைப் ஒழுகுகிறது என்றால் என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்வார்.

சண்டை முற்றியது. சுபா அவரைக் கவுன்சிலிங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆலோசகர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்ததும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி, “சரியோ?” என்று கேட்க வேண்டும். கத்தல் குறையும், கேட்கும் பழக்கம் வரும். நல்ல பயிற்சிதான் — நல்ல மாணவன் கிடைத்தால்.

தேவகுமார் அதில் விண்ணன். பள்ளிக்கூடத்தில் மனனப் போட்டியில் பரிசு வாங்கிய ஆள் அல்லவா?

“அம்மாவைத் தனிய விட உமக்குப் பயமாக் கிடக்கு. அறையை ஒதுக்கித் தரச் சொல்லுறீர். சரியோ?”

“சரி.”

ஆலோசகருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வந்த தேவகுமார் போனில் கிரிக்கெட் பார்த்தார். அறையில் ஓர் ஆணிகூட அசையவில்லை. பாடத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் பாடமாக்கிப் பாஸ் பண்ணுகிற ஆட்கள் நாங்கள்... கல்யாணத்தை மட்டும் விடுவோமா?

“முந்திச் சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் இருந்தது, அக்கா” என்றாள் சுபா ஒருநாள். அவள் அழவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் அவரிடம் சொல்லியிருக்கிறாள்: “நான் நாளைக்குக் காலமை குச்சவெளிக்குப் போறன். அறை ஒதுங்கும்வரைக்கும் வரமாட்டன்.”

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இவர் சொன்னார்: “நீர் நாளைக்குக் காலமை குச்சவெளிக்குப் போறீர். அறை ஒதுங்கும்வரைக்கும் வரமாட்டீர். சரியோ?”

“சரி.”

முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

“இப்ப நான் என்ன செய்யிறது, அக்கா?” என்றார் போனில் என்னிடம்.

“அவ கடைசியாச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லும்.”

சொன்னார், ஒரு சொல் பிசகாமல். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

“ஒதுக்கினா வருவவோ?”

“அதை என்னட்டக் கேளாதையும்.”

பட்டறையைப் பூட்டினார். முன்னறையில் கிடந்த இரும்பு முழுவதையும் வெளியே இழுத்தார். சுவருக்குப் பெயின்ற் அடித்து, ஒரு கட்டிலும் போட்டார். வியாழக்கிழமை குச்சவெளியில் போய் முற்றத்தில் நின்றார். “அறை ஒதுக்கியாச்சு. பெயின்ற் மணம் போகட்டும் எண்டு ஜன்னலைத் திறந்து விட்டிட்டு வந்தனான்.”

சுபா ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. “புட்டு இருக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ. நான் வந்து பாத்திட்டுத்தான் அம்மாவைக் கூட்டிவருவன்” என்றாள். மறுநாள் வந்தாள். கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். அதன் பிறகுதான் அம்மா வந்தார்.

பயிற்சி நன்றாக வேலை செய்திருப்பதாக ஆலோசகருக்கு ஒரே சந்தோஷமாம். இருக்கட்டும், பாவம்.

இதை எழுதி முடித்து என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். “ஓம், எனக்கு நல்லா விளங்குது” என்றார்.

குசினிப் பைப் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.