கீழே யாரும் இல்லை

காலை ஆறு பத்து. போனைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஓர் ஆதார் அட்டை. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். அனுப்பிய எண் என் போனில் பெயரோடு பதிந்த எண் அல்ல. முகப்படம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு வேல். வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில், அந்தப் பதிப்பை மூடும்வரை, உதவி ஆசிரியராக இருந்தவள் நான். இப்படி அட்டையை அனுப்பிவிட்டு, சற்று நேரத்தில் போலீஸ் என்று சொல்லிக் கூப்பிடும் கும்பல்களைப் பற்றிய செய்திகளை நானே திருத்தியிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அது மறுபடி அதிர்ந்தது.

'அக்கா ஜாயின் பண்ணியாச்சா'

அக்கா என்ற சொல் சந்தேகத்தைக் கூட்டியது. ஏமாற்றுபவர்கள் எல்லோரும் உறவு சொல்லித்தான் தொடங்குகிறார்கள்.

பென்னலூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில். கணவருக்கு ஒரகடத்தில் ஒரு லாரி தொழிற்சாலையில் வேலை, வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். பதிப்பு மூடியபோது எனக்குச் சேலத்தில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். போகவில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்று தேடியதில் வந்து நின்றது இதுதான்: இணையக் கடையில் ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதற்கான லிங்க்கைக் கொடுப்பது, யாராவது அதன் வழியாக வாங்கினால் கடை நமக்கு ஒரு பங்கு தருவது.

கேட்பதற்கு ஒரு வரிதான். தொடங்கிப் பார்த்தால் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. இணையதளம் வேண்டும் என்றார் ஒருவர். இணையதளக் காலம் முடிந்தது, வீடியோ எடு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் முகம் காட்டாதே என்றார். நான்காமவர் முகத்தைத் தவிர எதையும் காட்டாதே என்றார். டெலிகிராமில் நான் கேட்காமலே என்னைச் சேர்த்துக்கொண்ட குழுக்கள் விடிய விடிய ஒலித்தன. காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், எதைத் தொடுவது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

பயிற்சி விற்ற ஒருவர் தன் வருமானத்துக்குச் சாட்சியாக மூன்று மாதங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை, அதாவது போன் திரையை அப்படியே பிடித்த படங்களை, போட்டிருந்தார். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தொகை மாதத்துக்கு மாதம் ஏறியது. மேல் மூலையில் இருந்த கடிகாரம் மட்டும் மூன்றிலும் ஒரே நிமிடத்தில் நின்றது. பேட்டரியும் ஒரே அளவு. அவரிடம் இதைக் கேட்டேன். பதிலாக என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மாலையில் செய்திகள் ஒரே நேரத்தில் வந்து குவியும் மேஜையில் உட்கார்ந்து பழகியவளுக்கு, குவியலைக் கண்டு அடுப்படிக்கு ஓடியது வெட்கமாக இருந்தது. அங்கே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் பக்கம் அச்சுக்குப் போகாது. இங்கிருந்து, இன்றைக்கே, நானே உறுதி செய்யக்கூடியது எது என்று கேட்போம், மிச்சம் காத்திருக்கும். அதே கேள்வியை இங்கேயும் கேட்டேன். வீடியோவையும் விளம்பரத்தையும் மற்றதையும் ஒவ்வொன்றாக மூடினேன். உறுதி செய்யக்கூடியது ஒன்று மிஞ்சியது. எங்கள் வீட்டில் ஒருவர் பகலில் தூங்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் பகலில் தூங்குகிறவர்கள். ஜன்னலுக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டுவார்கள், தொழிற்சாலைப் பேக்கிங் அட்டையைச் செருகுவார்கள். ஃபிளெக்ஸ் வெயிலில் நாறும்; அட்டை மழையில் ஊறும். வெளிச்சம் புகாத தடித் திரை ஒன்றை வாங்கி எங்கள் கிழக்கு ஜன்னலில் மாட்டினேன். நடுப்பகலில் ஒரு நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். தலைப்புகளைப் படிக்க முடிந்தது. செய்தியைப் படிக்க முடியவில்லை. அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“இன்னா எழுதிக்கினு கீற இருட்டுல?”

“இருட்டைப் பத்தித்தான்.”

“அதயாச்சும் தூங்க வுடு.”

அவர் சொன்னதையும் சேர்த்து இணையத்தில் ஒரு பக்கம் எழுதினேன். குறைகளையும் எழுதினேன்: திரையின் ஓரத்தில் ஒளி கசிகிறது, முதல் சலவையில் சாயம் போகிறது, லாரி சத்தத்தைத் தடுக்காது. கீழே லிங்க். அதை எங்கள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் குரூப்பில் போட்டேன். மோட்டார் போட்டாயிற்று, அணைத்தாயிற்று என்பதைத் தவிர வேறெதுவும் வராத வாட்ஸ்அப் குரூப் அது. எல்லோரும் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. யாரும் பேசவில்லை.

மறுநாள் மாடிப்படியில் வீட்டுக்காரம்மா வழி மறித்தார்.

“இன்னாமா, நீயும் செயின் ஆரம்பிச்சிட்டியா?”

“செயின் இல்லைங்கம்மா. திரை.”

“அதான், லிங்க்கு அனுப்பிச்சிக்கிறயே. டைலர் பொண்டாட்டி இப்டிதான் ஒரு லிங்க்கு அனுப்பிச்சிது. தெருவுல பாதிப்பேர அதும் கீழ சேத்துவுட்டுது. அல்லாரும் கட்ன துட்டு போச்சு. இப்ப மெயின் ரோட்ல நடக்க மூஞ்சி இல்லாம சந்து சந்தா பூந்துக்கினு போவுது. பேப்பர்ல இருந்த பொண்ணு, பொய் சொல்லாதுன்னு வூடு குடுத்தேன்.”

டைலரின் மனைவியை எனக்குத் தெரியும். மளிகைக் கடையில் நான் இருப்பது தெரிந்தால் வாசலிலேயே திரும்பிவிடுவாள். என்னிடம் அவள் எதையும் விற்றதில்லை, ஆனாலும் திரும்புவாள். எனக்கு இந்தத் தெருவில் இருந்த ஒரே மதிப்பு, நான் சொன்னால் உண்மையாக இருக்கும் என்பது. அந்த லிங்க் அதைத் தின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த வாரத்தில்தான் ஆதார் அட்டை வந்தது.

குரூப்பின் உறுப்பினர் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினேன். இருந்தது. தரைத்தளத்தில், சுங்குவார்சத்திரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருந்த அறை. அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆதார் படத்தில் யாரும் தங்களைப் போல இருப்பதில்லை; ஆனால் ஊர் ராமநாதபுரம் பக்கம், அந்த அறையில் அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்திதான். நெட்டையாக, எப்போதும் டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பவள். வீட்டுக்காரம்மா என்னை ஆழம் பார்க்க இவளை அனுப்பியிருப்பாரோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

கம்பெனி பஸ் வந்து நின்றபோது நான் கேட்டருகே இருந்தேன். மற்றவர்களை முன்னே விட்டு அவள் நின்றாள்.

“ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல ஏறுனதும் அனுப்புனேன்க்கா. பாஸ்புக்கும் வேணுமா?”

“எதுக்கு?”

“உங்களுக்குக் கீழ சேர்றதுக்குத்தான்.”

“யார் அனுப்பச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. லிங்க்க அமுக்குனேன், திரைதான் வருது, ஜாயினிங் பாரமே வரல. சரி, அக்காகிட்ட நேரா அனுப்பிருவோம்னு.”

அவள் முன்பே ஒரு லிங்க்கில் சேர்ந்தவள். கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசினாராம். இரண்டு பேரைக் கீழே சேர்த்தால் மேலே போகலாம் என்றாராம். ஒரே அறையில் இருந்த தன் மாமன் மகளைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். இருவரும் கட்டிய பணத்தோடு கம்பெனி என்று சொன்னது காணாமல் போன பிறகு மாமன் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் வேறு விடுதிக்குப் போய்விட்டாள். ஒரே தொழிற்சாலை, ஒரே கேன்டீன். பேச்சு இல்லை.

“அதுக்குப் பிறகும் ஏன் சேரணும்னு நினைக்கிற?”

“அப்பத் தெரியாத ஆளுக்குக் கீழ போயிட்டோம். நீங்க தெரிஞ்ச ஆளு. இந்தத் தடவ அவள எனக்குக் கீழ போட வேணாம்க்கா. உங்களுக்கு நேராக் கீழ போட்ருங்க. எனக்குப் பக்கத்துல. அப்பப் பேசுவா.”

நான் போனை எடுத்து, அவள் பார்க்கும்படி, இரண்டு படங்களையும் அழித்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ஏன்க்கா அழிக்கீக? எடம் முடிஞ்சு போச்சா?”

“இடமே கிடையாது. எனக்குக் கீழ யாரும் இல்ல. நானும் யாருக்கும் கீழ இல்ல.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாக.” அவள் ஓரடி பின்னால் போனாள். “அப்ப உங்களுக்கு என்ன லாபம்? சும்மாவா திரை விக்கிறீக?”

“அதை நான் விக்கல. கடைக்காரன் விக்கிறான். நான் சொல்லி நீ வாங்கினா அவன் எனக்குக் கொஞ்சம் கொடுப்பான். வாங்கலைன்னா ஒண்ணும் இல்ல.”

டிபன் டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“புரோக்கரா நீங்க?”

“ஆமா. புரோக்கர்.”

“அட, அத மொதல்லயே சொல்ல மாட்டீகளா!” சிரித்தே விட்டாள். “ரூமு பாத்துக் குடுத்த ஆளு மாதிரி. அதுக்கு எதுக்குக்கா ஆதாரு?”

இந்த நெடுஞ்சாலையோரம் வந்து இறங்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு புரோக்கரைத்தான். அவரை யாரும் விரும்புவதில்லை. ஆனால் அவர் எங்கிருந்து காசு வாங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பயிற்சி வகுப்புகளில் இந்த வேலைக்கு டிஜிட்டல் பார்ட்னர் என்றும் இன்ஃப்ளுயன்சர் என்றும் பெயர்கள் சொன்னார்கள். தமிழில் என்ன எழுதுவது என்று நானும் பல வார்த்தைகளைப் போட்டு அடித்துப் பார்த்திருந்தேன். சரியான வார்த்தை கேட்டருகே நின்றிருந்தது.

அன்று மாலை அந்தப் பக்கத்தின் உச்சியில், தலைப்புக்கும் மேலே, மூன்று வாக்கியங்கள் சேர்த்தேன். இந்தத் திரைக்கு நான் புரோக்கர். நீங்கள் வாங்கினால் கடை எனக்குக் கமிஷன் தரும். இதில் சேர ஒன்றும் இல்லை, யாரும் யாருக்கும் கீழே இல்லை, ஆதார் அனுப்ப வேண்டாம்.

வீட்டுக்காரம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “புரோக்கர்னு எழுதிக்கினு எவளாச்சும் யாவாரம் பண்ணுவாளா?” ஆனால் மறுநாள் சாயந்திரம் அவரே வந்து, திரை மாட்ட ஆணி அடித்தால் சுவர் பெயருமா என்று கேட்டார். குரூப்பில் முதல் தடவையாக மோட்டாரைத் தவிர வேறு பேச்சு வந்தது. கம்பி தனியாக வாங்க வேண்டுமா? சாயம் போனால் பக்கத்துத் துணியில் ஒட்டுமா? கம்பியைச் சுங்குவார்சத்திரம் ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள், இணையத்தில் விலை அதிகம் என்று எழுதினேன். அதில் உங்களுக்குக் கமிஷன் இல்லையே என்று ஒருவர் கேட்டார், சந்தேகத்தோடு.

இரண்டாவதாக எதை எழுதுவது என்று அதன் பிறகு குழப்பம் வரவில்லை. பகலில் தூங்குகிறவர்களிடம் கேட்டால் அவர்களே சொன்னார்கள். மின்விசிறிச் சத்தம் என்றார்கள், கொசு என்றார்கள். ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. சேர்ந்த குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினேன்.

நெட்டைப் பெண் அந்தப் பக்கத்தை அனுப்பலாமா என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

“மேல எழுதிருக்கதும் சேந்தே போகும்ல? கீழ யாரும் இல்லன்னு?”

“போகும்.”

சில நாள் கழித்துப் படியேறி வந்து போனை நீட்டினாள். வேறொரு அறையின் ஜன்னல், அதில் ஊதா நிறத் தடித் திரை. படத்துக்குக் கீழே மாமன் மகள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இங்க பஜார் கடைல வாங்கிட்டேன். லிங்க் தொட மாட்டேன்.'

“உங்களுக்கு ஒண்ணும் வராதுல்லக்கா?”

“வராது.”

“ஆனா பதில் போட்டுட்டா பாருங்க.” அந்தப் படத்தை மறுபடி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

வாங்கியவர் யார் என்பதை இணையக் கடை எங்களைப் போன்ற புரோக்கர்களுக்குக் காட்டாது. வாங்கிய பொருளை மட்டும் காட்டும். லிங்க்கை அழுத்திவிட்டு அந்தக் கடையில் வேறு எதை வாங்கினாலும் அது எங்கள் கணக்கில் வரும். அந்த மாதம் என் லிங்க் வழியாக ஒரே ஒரு பொருள் விற்றது. விடுதியில் தங்குகிறவர்கள் தங்கள் பெட்டிக்குப் போடும் நம்பர் பூட்டு.